சூதுபவளத்தை இனங்காண்பது எப்படி?

சூதுபவளம் என்ற பெயரே பலரை முதலில் வழிதவறச் செய்கிறது. பெயரில் பவளம் இருந்தாலும், கடலில் விளையும் பவளத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. பவளம் கடல்வாழ் உயிர்கள் கட்டியெழுப்பிய சுண்ணப் பொருள். சூதுபவளமோ ஆற்று மணலும் படிகக்கல்லும் எதனால் ஆனவையோ அதே சிலிக்காவால் ஆன கல். கார்னீலியன் என்று நகைக்கடைகளில் விற்கப்படுவது இதுதான். முஸ்லிம்கள் வெள்ளி மோதிரத்தில் பதித்து அணியும் அகீக் கற்களில் சிவப்பாக இருப்பவை பெரும்பாலும் இந்த வகையே. அகழாய்வுச் செய்திகளில் சூதுபவள மணிகள் கிடைத்ததாகப் படிக்கும்போதும் இதே கல்லைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தக் கல்லை இனங்காண முயல்வோர் பலரும் செய்யும் பிழை, நிறத்தைக் கொண்டு முடிவு செய்வது. ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறத்தைக் கண்ணாடியிலும் கொண்டுவரலாம், பிளாஸ்டிக்கிலும் கொண்டுவரலாம், மதிப்புக் குறைந்த வெளிறிய அகேட் என்னும் வரிக்கல்லில் ஏற்றவும் செய்யலாம். நிறம் என்ன என்பதைவிட, அந்த நிறம் கல்லுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்கு அடுத்து, ஒளி கல்லுக்குள் எப்படிப் பரவுகிறது, உடைந்த விளிம்பு எவ்வாறு மின்னுகிறது, நீரில் அதன் எடை எவ்வளவு குறைகிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும். இதற்குத் தேவையானவை ஒரு கைப்பேசி விளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி, நகைக்கடையில் பயன்படுவது போன்ற ஒரு சிறு மின்னணுத் தராசு ஆகியவை மட்டுமே.

குடும்பத்தை முதலில் அறிதல்

சூதுபவளம் சால்செடனி வகையைச் சேர்ந்தது. சால்செடனி என்பது ஒரே கல்லின் பெயர் அன்று. ஒரு குடும்பத்தின் பெயர். இன்று இஸ்தான்புல் நகரத்துக்குள் அடங்கிவிட்ட சால்செடன் என்னும் பழைய ஊரிலிருந்து அப்பெயர் வந்தது. குவார்ட்ஸ், மோகனைட் ஆகிய இரண்டு சிலிக்காக் கனிமங்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாகப் பின்னிக் கிடப்பதே இக்குடும்பத்தின் கட்டமைப்பு. தெளிந்த படிகக்கல்லில் ஒளி தடையின்றி ஊடுருவிச் செல்கிறது. சால்செடனியில் அது இழைகளில் பட்டுச் சிதறுவதால், எண்ணெய் தடவிய தாளுக்குப் பின்னால் விளக்கு எரிவதைப் போன்ற மங்கலான ஒளிர்வு உண்டாகிறது. இழைகளுக்கு இடையே நுண்துளைகளும் இருப்பதால், கரைசலில் ஊறவைத்தால் கல் அதை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஒளியைச் சிதறடிப்பது, சாயத்தை உறிஞ்சுவது என்னும் இந்த இரண்டு இயல்புகளை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் சோதனைகளின் காரணம் தானாகவே விளங்கும்.

சிவப்பு நிறத்தைத் தருவது இரும்பு. ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் கல்லுக்குள் பரவியிருந்தால் அது சிவக்கிறது. இரும்பு நீரேற்ற நிலையில் கோதைட் என்னும் கனிமமாக இருந்தால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தோன்றுகிறது. கல்லைச் சூடாக்கினால் கோதைட் நீரை இழந்து ஹெமடைட்டாக மாறுகிறது. இந்த வேதியியலைப் பெயர் சொல்லி அறியாமலேயே, ஹரப்பா நாகரிகத்துக் கைவினைஞர்கள் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள். குஜராத்தின் பரூச் மாவட்டத்தில் உள்ள ரத்தன்பூரில் தோண்டியெடுக்கப்படும் கற்கள் பெரும்பாலும் மங்கிய பழுப்பு நிறத்தில்தான் வெளிவருகின்றன. அவற்றை நெடுநாள் வெயிலில் உலர்த்தி, மண்பானைகளில் இட்டு, தீயில் மெதுவாகச் சூடேற்றுவது காம்பத் நகர மணிவினைஞர்களின் மரபு. அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளிருக்கும் ஈரம் கல்லைப் பிளந்துவிடும். ஆகவே, சூடாக்கப்பட்ட கல் என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்குவது இந்தக் கல்லின் வரலாற்றையே ஒதுக்குவதாகும். இயற்கையாகச் சிவந்ததா, தீயில் சிவந்ததா என்பதை வீட்டில் இருந்தபடி பிரித்தறியவும் இயலாது.

சாயம் ஏற்றுவது இதிலிருந்து வேறுபட்டது. வெளிறிய அகேட் கல்லை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பின்னர் சூடேற்றுவார்கள். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் பட்டறைகள் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த அகேட் கற்களைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கலையை வளர்த்தெடுத்தன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சாயம் ஏற்றிய கல்லிலும் சிவப்பைத் தருவது அதே இரும்பு ஆக்சைடுதான். பஞ்சில் நகப்பூச்சு நீக்கியை நனைத்துத் துடைத்துப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்பதால் இயற்கைக் கல் என்று முடிவுகட்டுவோர் இதை அறிவதில்லை. துடைத்தால் வருவது மலிவான கரிமச் சாயம் மட்டுமே. இரும்பால் ஏற்றிய நிறம் கல்லின் நுண்துளைக்குள்ளேயே உருவானது என்பதால் அது துடைப்புக்கு அசையாது.

ஒளியில் பார்த்தல்

ஒரு கறுப்பு அட்டையில், சோதிக்க வேண்டிய மணியைவிடச் சிறியதாக ஒரு துளையிட்டு, அதைக் கைப்பேசி விளக்கின் மேல் வைக்க வேண்டும். அறையை இருட்டாக்கி, மணியைத் துளையின் மேல் வைத்தால், மணிக்குள் புகுந்து வரும் ஒளி மட்டுமே கண்ணுக்கு எட்டும். அட்டை இல்லாமல் பார்த்தால் ஓரங்களில் வழியும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்து, பார்க்க வேண்டியதை மறைத்துவிடும். மணியை மெதுவாக உருட்டி, எல்லாப் பக்கங்களிலிருந்தும் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றுலா ஊரின் கடையில் வாங்கிய ஒரு மணிச்சரத்தை இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வெளிச்சத்தில் பார்க்க எல்லா மணிகளும் ஒரே நிறத்தில் இருந்தன. அட்டையின் மேல் வைத்த முதல் மணிக்குள் சிவப்பு நிறம் மேகத்தைப் போல் படர்ந்திருந்தது. ஓரிடத்தில் அடர்ந்தும் மற்றோரிடத்தில் தேன் நிறமாக வெளிறியும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாதபடி கரைந்தும் இருந்தது. அது நல்ல சூதுபவளம். நான்காவது மணியில் நிறம் வரிவரியாக நின்றது. மெல்லிய இணைகோடுகள், ஒவ்வொன்றும் கூர்மையான ஓரத்துடன், ஒன்று அடர்சிவப்பாகவும் அடுத்தது வெளிறியும் மாறிமாறி வந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது, ஒரு மயிரிழைப் பிளவின் நெடுகிலும் நிறம் குருதி உறைந்ததுபோல் தேங்கியிருந்தது. வரிகளையுடைய அகேட் கல், அடுக்குக்கு அடுக்கு வேறுபட்ட அளவில் கரைசலை உறிஞ்சியதன் அடையாளம் அது. ஒன்பதாவது மணி நீர்போல் சீராக ஒளிர்ந்தது. அதன் நடுவே ஊசிமுனையளவு உருண்டையான ஒரு குமிழி இருந்தது. அது கண்ணாடி.

அந்த மூன்று தோற்றங்களும் கண்ணில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். மேகம்போல் பரவிய நிறம் இயற்கையையோ மரபுச் சூட்டையோ காட்டுகிறது. வரிகளிலும் பிளவுகளிலும் தேங்கிய நிறம் சாயத்தைக் காட்டுகிறது. உருண்டைக் குமிழியும் சுழிந்தோடும் கோடுகளும் கண்ணாடியைக் காட்டுகின்றன. ஒரு விலக்கும் உண்டு. இயற்கையாகவே சிவப்பும் வெள்ளையும் அடுக்கடுக்காக அமைந்த கற்கள் இருக்கின்றன. எனவே வரி தென்பட்டதும் சாயம் என்று தீர்ப்புச் சொல்லிவிடாமல், பிளவுகளிலும் துளையின் உட்சுவரிலும் நிறம் தேங்கியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

விளிம்பும் துளையும்

மெருகேற்றிய பரப்பு எந்தக் கல்லிலும் பளபளக்கும்; உண்மையை உடைந்த இடத்தில்தான் தேட வேண்டும். மணியின் துளை வாயில் பெரும்பாலும் ஒரு சிறு சிதைவாவது இருக்கும். உருப்பெருக்கியை அங்கே கொண்டுசெல்லுங்கள். கண்ணாடியானால் சிதைவு சிப்பியின் உட்புறம்போல் வளைந்து, ஈரம் காயாததுபோல் பளிச்சிடும். சூதுபவளத்திலும் சிதைவு வளைந்தே இருக்கும். ஆனால் அதன் பரப்பு மெழுகைக் கத்தியால் சீவியதுபோல் மங்கலாகத் தோன்றும். துளையின் வாயில் இரண்டு பாதிகளை ஒட்டிய கோடு தென்பட்டால் அது அச்சில் வார்த்த பொருள் என்று அறியலாம்.

கையில் எடுத்தவுடன் உணரும் குளிர்ச்சியும் ஓரளவு உதவும். குவார்ட்ஸ் வகைக் கற்கள் கண்ணாடியைவிட வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், கன்னத்தில் வைத்தால் நீண்ட நேரம் குளிர்ந்திருக்கும்; பிளாஸ்டிக் உடனே வெதுவெதுப்பாகிவிடும். இது பழகிய கைக்கு உதவும் குறிப்பே தவிரச் சான்று ஆகாது.

நீரில் நிறுத்தல்

ஒளி சாயத்தைக் காட்டும். எடை பொருளைக் காட்டும். சால்செடனியின் ஒப்படர்த்தி 2.58 முதல் 2.64 வரை இருக்கும். அதாவது, அதே பருமனுள்ள நீரைவிட அது ஏறத்தாழ 2.6 மடங்கு கனமானது. இதை வீட்டிலேயே அளக்கலாம்.

முதலில் கல்லைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு சிறு கிண்ணத்தில் நீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல், நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய நீரின் எடை. கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 13 கிராம் எடையுள்ள ஒரு கல் நீரில் 5 கிராம் காட்டினால், விடை 2.6, அது சால்செடனியின் எல்லைக்குள் அமைகிறது. மணியின் துளையில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் கணக்குத் தவறும் என்பதால், நூலை ஒருமுறை தட்டிவிட்டு அளக்க வேண்டும். மிகச் சிறிய மணிகளுக்கு இந்த முறை பொருந்தாது. ஒரு கிராம் எடையுள்ள மணியில் தராசு 0.01 கிராம் பிழைத்தாலே விடை 2.56க்கும் 2.70க்கும் இடையே ஊசலாடும். அப்படிப்பட்ட மணிகள் ஒரே சரத்தில் இருந்தால், ஒத்த தோற்றமுடைய பலவற்றைச் சேர்த்து நிறுப்பதே வழி.

இந்த எண் சில ஐயங்களை உடனே தீர்க்கும். பிளாஸ்டிக் 1.5ஐத் தாண்டுவது அரிது. நெருப்பு ஓபல் எனப்படும் ஆரஞ்சு நிறக் கல் 2ஐ ஒட்டி நிற்கும். செம்பழுப்பான கோமேதகம் 3.6க்கு மேல் போகும். அதன் உள்ளே பாகு கரைவதுபோன்ற சுழல் தோற்றம் தெரியும் என்பதால், கண்ணாலேயே அதைப் பிரித்துவிடலாம். கண்ணாடி மட்டும் அதன் கலவைக்கு ஏற்ப 2.3 முதல் 4க்கு மேல் வரை எங்கும் நிற்கக்கூடும், 2.6 என்று விடை வந்தாலும் குமிழியைத் தேடும் வேலை மிச்சமிருக்கிறது. கடற்பவளத்தின் ஒப்படர்த்தியும் 2.6 முதல் 2.7 வரை இருப்பதால், அங்கேயும் எடை கைகொடுக்காது. ஆனால் பவளத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தின் ரேகை போன்ற மெல்லிய கோடுகள் நெடுகிலும் ஓடுவது தெரியும். ஒளியும் அதனுள் சூதுபவளத்தில்போல் ஊடுருவாது.

கீறிப் பார்ப்பது பற்றி

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் சூதுபவளத்தின் கடினம் 6.5 முதல் 7 வரை. சாதாரணக் கத்தி அதைக் கீறாது. அது கண்ணாடியைக் கீறும். பவளத்தின் கடினம் 3 முதல் 4 வரை என்பதால் எஃகு ஊசி அதில் எளிதில் தடம் பதிக்கும். எண்கள் தெளிவாக இருந்தாலும், முடித்த நகையில் இச்சோதனையைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உறவினர் ஒருவரின் மோதிரக் கல்லை நான் ஒருமுறை ஊசியால் சோதித்தேன். அது பவளமாக இருந்தது. முகப்பில் விழுந்த அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. வினிகர்த் துளி விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பதும், ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் தொடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். மெருகேற்றாத, உங்களுக்கே உரிய கரட்டுக் கல்லாக இருந்தால் மட்டும் கீறிப் பாருங்கள். மற்ற நேரங்களில், இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் ஒளிவிலகல் எண்ணை அளக்கச் சொல்வது பாதுகாப்பானது. சால்செடனிக்கு அது ஏறத்தாழ 1.53 முதல் 1.54 வரை இருக்கும். கல்லுக்கு எந்தச் சேதமும் நேராது.

உடன்பிறந்த கற்கள்

பொருள் சால்செடனி என்று உறுதியான பின், அது குடும்பத்தில் எது என்ற கேள்வி எழும். வரிகள் தெளிவாக இருந்தால் அகேட் என்றும், வரியில்லாமல் ஆரஞ்சு அல்லது சிவப்பாக ஒளி ஊடுருவினால் சூதுபவளம் என்றும், அதுவே இருண்ட பழுப்பாக இருந்தால் சார்ட் என்றும் சொல்வார்கள். பின்னிரண்டுக்கும் இடையே எவரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு கிடையாது. ஒருவர் சூதுபவளம் என்பதை மற்றொருவர் சார்ட் என்றால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. சார்ட் நிறமும் வெள்ளையும் நேரான அடுக்குகளாக வந்தால் சார்டோனிக்ஸ். கறுப்பும் வெள்ளையுமாக வந்தால் ஓனிக்ஸ். கடைகளில் முழுக் கறுப்பாக விற்கும் ஓனிக்ஸ் பெரும்பாலும் சாயமேற்றிய சால்செடனியே. அந்தக் கறுப்பை ஏற்றும் பழைய முறையில் கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பின்பு கந்தக அமிலத்தில் இடுவார்கள். துளைகளுக்குள் சர்க்கரை கரியாகிவிடும். ஆப்பிள் பச்சை நிறக் கிரிசோப்ரேஸுக்கு நிறம் தருவது நிக்கல். உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில் கேன் ஆற்றுப் படுகையிலிருந்து எடுக்கும் ஷஜர் கல்லில் செடிகொடி போன்ற உருவங்கள் தெரிந்தாலும், அவை தாவரம் அல்ல. கனிமக் கரைசல் கிளைவிட்டுப் படிந்த தடங்கள்.

ஜாஸ்பரைப் பிரிப்பது மிக எளிது. அதிலும் சிலிக்காவே அடிப்படை. ஆனால் களிமண்ணும் இரும்பும் மிகுதியாகக் கலந்திருப்பதால், விளக்கின் மேல் வைத்தாலும் மெல்லிய ஓரத்தில்கூட ஒளி கசியாது. சிவப்புக் கல் ஒன்று முழு இருட்டாக நின்றால் அது ஜாஸ்பர். ஓரமாவது செவ்வொளி வீசினால் சூதுபவளமாக இருக்க வாய்ப்புண்டு.

பழைய மணிகள்

தமிழ்நாட்டில் இக்கல்லைத் தேடுவோரை இறுதியில் கொடுமணல் இழுத்துக்கொள்ளும். ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு அருகே, நொய்யலாற்றின் கரையில் உள்ள அவ்வூரே பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அங்கே பெருங்கற்கால ஈமச்சின்னம் ஒன்றிலிருந்தே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பச்சைக்கல்லும் படிகமும் கொங்கு நாட்டிலேயே கிடைப்பவை. சூதுபவளத்தின் மூலக்கல்லோ குஜராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். உஜ்ஜயினி வட்டாரத்திலிருந்து பரூச் துறைமுகத்துக்கு ஓனிக்ஸ் வகைக் கற்கள் இறங்கியதைக் கி.பி. முதலாம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வணிகக் கையேடான பெரிபுளூஸ் குறிப்பிடுகிறது. ஒரு மணியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை தொலைவையும் எண்ணிப் பார்க்கும்போது, அதைத் தவறாக அடையாளம் சொல்லிவிடக் கூடாது என்ற அக்கறை கூடுகிறது.

சில பழைய மணிகளில் சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். கார உப்பைச் செடிச் சாற்றில் குழைத்துக் கோடு வரைந்து தீயில் இட்டால், கோடு விழுந்த இடம் நிரந்தரமாக வெளுத்துவிடும். மெசபொட்டேமியாவில் இருந்த ‘ஊர்’ (Ur) என்னும் பண்டைய நகரத்தின் அரச கல்லறைகள் வரை சென்ற நுட்பம் இது. வெள்ளைக் கோட்டை நகத்தால் தடவும்போது பூச்சுபோல் தடித்திருந்தால் அது பிற்காலத்தில் தீட்டியது. பழைய கோடு கல்லின் மேற்பரப்போடு ஒன்றியிருக்கும்; தேய்மானத்தால் ஆங்காங்கே பிய்ந்து சிறு பள்ளமாகவும் இருக்கலாம்.

துளையைக் கொண்டு வயதைச் சொல்லும் முயற்சி எச்சரிக்கையோடு செய்ய வேண்டியது. இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கச் செய்வது பழைய முறை. சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு படி தெரியும். ஆனால் காம்பத்தில் வைர முனையால் துளையிடுவோர் இன்றும் அவ்வாறே செய்கிறார்கள். எனவே அந்தப் படி கைவேலையைக் காட்டுமே தவிரப் பழமையைக் காட்டாது.

மழைக்குப் பின் பழைய ஊர்மேடுகளில் இத்தகைய மணிகள் மேலே தெரிவது உண்டு. அவற்றைப் பொறுக்கிச் சரமாகக் கோத்துவிட்டால், எந்த மண்ணடுக்கிலிருந்து, எந்தப் பானையோட்டின் அருகிலிருந்து வந்தன என்ற செய்தி அழிந்துவிடும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கண்ட இடத்திலேயே, பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்காக வைத்துப் படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மணியைக் கழுவவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். அப்படியே வட்டாட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ தெரிவித்தால், துளைக்குள் அடைந்திருக்கும் மண்ணையும் சேர்த்து அவர்களால் ஆராய முடியும்.